தும்பிக்கை இல்லாத ஆனை

அத்தியாயம் 6

“முப்பத்தெட்டுல எங்க மாமனாருக்குக் கண்ணாடி டம்ளர் குடுத்தாங்களாம்! சாணிப்பாலைக் கரைச்சுக் குடிடான்னு நீட்டின கை, கண்ணாடி டம்ளரை நீட்டுச்சாம்! எழுதிக்குங்க சார். நல்லா அழுத்தி எழுதிக்குங்க!”

கண்ணாத்தாள் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. இன்ஸ்பெக்டர் துரைராசுவுக்கும் ஓடத்தான் ஆசை. நாற்காலி அவரைப் பிடித்து வைத்திருந்தது. அவ்வளவு இறுக்கம்.

“கத்தாதம்மா. கத்தினா செத்தவன் வந்துடுவானா?”

“வரமாட்டாரு. அவரைக் கொன்னவன் வருவான்ல? அவனைக் கொண்டாங்க!”

கண்ணாத்தாளின் புருஷன் மருதையன் செத்து நாலு நாள் ஆகிறது. ஆனைத்திடலில் தியாகராசனின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். சும்மா உழவில்லை. தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து, குத்தகைதாரர் என்று தன் பேரைப் பதிந்துவிட்டு உழுதான். பதிந்த பேரை அழிக்கத் தியாகராசன் போகாத ஆபீஸ் இல்லை. அழியவில்லை. குறுவை அறுக்க இருந்த நேரத்தில் ஆள் அழிந்தான். தன் வயலின் மோட்டார் கொட்டகையில் வாயில் நுரையோடு கிடந்தான். பக்கத்தில் ஒரு பாலிடால் பூச்சிமருந்து பாட்டில். இன்னொரு பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்.

அந்த டம்ளர்தான் இப்போது மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

“இதப் பாருங்க பாய்,” என்று இன்ஸ்பெக்டர், கண்ணாத்தாள் கூட்டி வந்திருந்த அப்துல் வஹாபிடம் திரும்பினார். “கேஸ் ரொம்பச் சின்னது. பண்ணை நெல்லை அள்ளி மாட்டிக்கிட்டான். அவமானம் தாங்காம மருந்தைக் குடிச்சுட்டான். வெளி ஆளு யாரும் வரல. டம்ளர் அவன் வீட்டு டம்ளர்.”

“எங்க ஆளு திருடல! எங்க வீட்டுல கண்ணாடி டம்ளரும் கிடையாது!” என்றாள் கண்ணாத்தாள்.

“தியாகராசன் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்காரும்மா. அவங்க அப்பாவுக்கு முப்பத்தெட்டுல, நாப்பது வருஷம் முன்னாடி, கல்யாணம். பெல்ஜியத்துலேர்ந்து டம்ளர் வரவழைச்சு, பண்ணையாளுங்களுக்கு வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்திருக்காங்க. உன் மாமனாரு வாங்கினாரு. மகன் அதுல குடிச்சான்.”

வஹாப் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். முன்பு அவரும் போலீஸ்தான். ஏன் வேலையை விட்டார் என்று கேட்டால் வெற்றிலை வாங்கப் போய்விடுவார். இப்போது தஞ்சாவூர் கீழவாசலில், குடை ரிப்பேர்க் கடை மாடியில் ‘வஹாப் துப்பறியும் நிலையம்’. மொத்தம் ரெண்டு நாற்காலி, ஒரு டைப்ரைட்டர், அந்த டைப்ரைட்டரைத் தட்ட ஒரு வேம்பு.

வேம்புவுக்கு அந்தப் பேரை வைத்தவர்கள் அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கசப்பு வாய்.

“அப்ப இந்த டம்ளர் முப்பத்தெட்டுல செஞ்சதுன்னா நீங்க சொல்றது சரி,” என்றார் வஹாப். “புதுசுன்னா மருதையனோட அப்பாவுக்குக் குடுத்திருக்க முடியாது. பண்ணை வீட்டுலேர்ந்து யாரோ அன்னிக்குக் கொண்டாந்திருக்காங்க. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். ஆனா டம்ளருக்கு வயசு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மாடா, பல்லைப் பிடிச்சுப் பாக்க?”

“தொப்பையை வச்சு வயசு சொல்ல முடியும்னா உங்களுக்குச் சொல்லிப் பழகிக்குவோம் சார்,” என்றாள் பாயின் பின்னால் நின்ற வேம்பு.

ரைட்டர் கான்ஸ்டபிள் குனிந்து சிரிப்பை விழுங்கினான். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. “பொழுது சாயறவரைக்கும் டயம். அப்புறம் தற்கொலைன்னு எழுதி மூடிடுவேன். பெரிய இடம் பாய். மேலேர்ந்து ரெண்டு போன் வந்தாச்சு.”

“தொட்டுப் பாக்கலாமா?”

“ஸ்டேஷன்ல அத்தனை பேரும் தொட்டாச்சு. நீங்க மட்டும் என்ன?”

வஹாப் டம்ளரை எடுத்தார். கனமான டம்ளர். சுற்றிலும் அன்னாசிப்பழத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக, நடுவில் முனை தூக்கிய வேலைப்பாடு. மேலிருந்து கீழாக மெல்லிசாக ஒரு கோடு.

“இது ஊதிச் செஞ்சது இல்ல வேம்பு. உருகின கண்ணாடியை அச்சுக்குள்ள விட்டு மேலேர்ந்து ஒரே அழுத்து. இந்தக் கோடு தெரியுதுல்ல, அச்சு ரெண்டு பாதியும் சேர்ற இடம்.”

“கொழுக்கட்டை அச்சு மாதிரி.”

“அதேதான். உள்ள பூரணம் கிடையாது.”

“இதுல பாலிடால் இருந்துச்சு பாய்,” என்றாள் வேம்பு. குரலில் கேலி இல்லை. டம்ளரை வாங்கித் தடவினாள். சுற்றிலும் உள்ள முனைகள் தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று போயின. அடிப்பாகத்தில் விரல் வைத்ததும் சுருக்கென்றது. அங்கே எழுத்துகள். வட்டமாக எழும்பி நின்றன. அதில் ஒவ்வொரு ஓரமும் கூராக இருந்தது.

அவள் ஒரு காகிதத்தை அடியில் வைத்துப் பென்சிலால் பரபரவென்று தேய்த்தாள். பள்ளிக்கூடத்தில் காலணாவை வைத்துத் தேய்த்த அதே வித்தை. கறுப்புக்குள்ளிருந்து எழுத்து கிளம்பி வந்தது.

*ஆனைத்திடல் பண்ணை.*

“பேரைக்கூட வெட்டிக் குடுத்திருக்காங்க பாருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “எவ்வளவு பெரிய மனசு!”

கண்ணாத்தாள் அவரைப் பார்த்த பார்வையில் பாலிடாலைவிட வீரியம் இருந்தது. “சார், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. எங்க ஆளு பண்ணை வீட்டுக்குப் போனா பச்சைத்தண்ணி குடிக்காது. அலுமினிய டம்ளர்ல நீட்டுவாங்க. அவங்க கண்ணு முன்னாடியே கீழ கொட்டிட்டு வந்துடும். அந்தத் திமிருதான் அவங்களுக்கு ஆகல.”

---

மீரா சாகிப்பின் கடையில் மேலே பார்த்தால் கண்ணாடி, கீழே பார்த்தால் கண்ணாடி, நடுவில் மீரா சாகிப். மூன்று தலைமுறையாகக் கண்ணாடிச் சாமான் வியாபாரம். தஞ்சாவூரில் எந்த வீட்டு அலமாரியில் எந்தக் கிண்ணம் இருக்கிறது, அது எந்த மருமகள் கையில் உடைந்தது என்பது வரைக்கும் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்.

வேம்பு டம்ளரைப் படமாக வரைந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு தடவை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அன்னாசித் தினுசு. பெல்ஜியம் சரக்கு. உலகச் சண்டைக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல கப்பல்ல வந்து இறங்கினது. எங்க வாப்பா கூடைகூடையா வித்திருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

“கொஞ்சம் திறந்துகிட்டே சொல்லுங்க மாமா,” என்றாள் வேம்பு.

“திறந்தாலும் பெல்ஜியம்தான் பாப்பா. முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு, அந்த வாக்குல.”

வேம்பு தான் வரைந்த படத்தையே மறுபடி பார்த்தாள். முப்பத்தெட்டு! தியாகராசன் சொன்ன அதே கணக்கு. அப்படியானால் அந்த ஆள் உண்மை பேசுகிறானா? சாணிப்பால் கொடுத்த கை கண்ணாடி டம்ளரும் கொடுத்ததா?

“அடியில தமிழ்ல எழுதியிருக்கே?” என்றார் வஹாப்.

“மிராசுதாரு ஆர்டர் குடுத்தா பெல்ஜியத்துக்காரன் தமிழ்ல என்ன, தலைகீழாவும் எழுதிக் குடுப்பான். காசுதானே!”

“போலாம் பாய்,” என்று வேம்பு படத்தைக் கசக்கப் போனாள். “கண்ணாத்தா அக்கா மூஞ்சியில முழிச்சு நான் என்னத்தைச் சொல்றது? பெல்ஜியத்துக்காரன் காலை வாரிட்டான்னா?”

“கசக்காத. பென்சில்ல தேய்ச்சதையும் காட்டு.”

அவள் அந்தக் காகிதத்தை விரித்தாள். விரித்தவள் நீட்டவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தாநாள் கண்ணாத்தாளுக்காகக் கலெக்டருக்கு மனு அடித்தபோது இதே ஊர்ப் பேரை எத்தனை தடவை தட்டினாள்! ஆனைத்திடல், ஆனைத்திடல் என்று விரல் தேய்ந்தது. இந்தக் காகிதத்தில் இருக்கும் ஆனையும் அவள் தட்டிய அதே ஆனை.

அதுதான் தப்பு.

“பாய்!” என்று கத்தினாள். மீரா சாகிப் பதறி ஒரு ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொண்டார். “பாய், இந்த ஆனைக்குத் தும்பிக்கை எங்க?”

“என்ன?”

“தும்பிக்கை பாய்! நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்ச ‘னை’க்கு முன்னாடி தும்பிக்கை தூக்கின மாதிரி ஒரு சுழி இருக்கும்ல? ணை, லை, ளை எல்லாத்துக்கும் இருக்கும். போன வருஷம் ஐப்பசியிலதான அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, சுழியெல்லாம் வேணாம், மத்த எழுத்து மாதிரி முன்னாடி ஒரு இணைக்கொம்பு போட்டாப் போதும்னு? என் டைப்ரைட்டர்ல தும்பிக்கை போடற கீ அன்னையிலேர்ந்து வேலை இல்லாம உக்காந்திருக்கு, நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரி. முப்பத்தெட்டுல செஞ்ச டம்ளர்ல போன வருஷத்து எழுத்து எப்படி வந்துச்சு? ஆனையிலயும் தும்பிக்கை இல்ல, பண்ணையிலயும் இல்ல!”

வஹாப் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் துப்பினால் சந்தோஷம் என்று அர்த்தம்.

“மீரா பாய், இப்பக் கண்ணைத் திறங்க. சுத்தி இருக்கற முனையெல்லாம் தேஞ்சு கிடக்கு. எழுத்து மட்டும் விரலைக் குத்துது. ஒரே டம்ளர்ல இது எப்படி?”

மீரா சாகிப் கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

“அச்சு கிழவன், சரக்கு குமரி!”

“தமிழ்ல சொல்லுங்க மாமா.”

“பெல்ஜியத்துல சண்டைக்கு அப்புறம் கம்பெனிங்க படுத்துடுச்சு பாப்பா. அச்சையெல்லாம் பழைய இரும்பா எடைக்குப் போட்டான். நம்ம வடக்கத்திக்காரன், பிரோசாபாத்துல, அதை வாங்கிட்டு வந்து இன்னிக்கு வரைக்கும் அழுத்திக்கிட்டிருக்கான். அழுத்தி அழுத்தி அச்சு தேஞ்சு போச்சு, முனை மழுங்கிடுச்சு. ஆனா அடித்தட்டு தனித் துண்டு. அதை மட்டும் மாத்திக்கலாம். யாருக்கு என்ன பேரு வேணுமோ புதுசா வெட்டி மாட்டுவான். எழுத்து கூராத்தான் நிக்கும்.” பெருமூச்சு விட்டார். “தினுசைப் பாத்தேன், தேய்மானத்தைப் பாக்கல. எங்க வாப்பா இருந்தா செருப்பைக் கழட்டியிருப்பாங்க.”

“உங்க வாப்பாவுக்குப் பதிலா நான் வேணா...” என்று வேம்பு ஆரம்பிக்க, வஹாப் அவளை ஸ்கூட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

---

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலேயே எல்லோரும் ஆனைத்திடலுக்குப் போனார்கள். வஹாபின் கெஞ்சலுக்காக அல்ல. தியாகராசன் வீட்டில் எது கொடுத்தாலும் நன்றாக இருக்கும் என்பதற்காக. வழி நெடுக ரெண்டு பக்கமும் குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. மருதையன் வயலில் மட்டும் ஒரு ஆள் அரிவாளோடு இறங்கவில்லை. கண்ணாத்தாள் பின் சீட்டில் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பண்ணை வீட்டு வாசலில் ஜீப் நின்றதும், “நீ வண்டியிலேயே இரு,” என்றார் இன்ஸ்பெக்டர். அவள் இறங்கி ஜீப்பில் சாய்ந்து நின்றாள்.

தியாகராசன் கரைவேட்டியில் இருந்தார். ஆட்சி மாறினால் அவர் கரையும் மாறும். பீரோவில் எல்லாக் கரையும் அடுக்கி இருப்பதாக ஊரில் பேச்சு.

“வாங்க தம்பி. வாங்க பாய்.” கண் வேம்புவிடம் வந்து நின்றது. “இந்தப் பொண்ணு?”

“எங்க ஆபீஸ்ல வேலை,” என்றார் வஹாப்.

“அது சரி. எந்த ஊரும்மா? எந்தத் தெரு?”

ஊர் கேட்பது மரியாதை. தெரு கேட்பது எதற்கென்று வேம்புவுக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும்.

“கண்டியூர்ப் பக்கம். கீழத்தெரு. போதுங்களா? ரேஷன் கார்டும் எடுத்துட்டு வரட்டா?”

தியாகராசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே இருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு பார்வை. கொஞ்ச நேரத்தில் நாகம்மாள் தட்டோடு வந்தாள். தட்டில் மூன்று கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத். நாலாவது தட்டில் இல்லை. அது அவளுடைய இடது கையில் இருந்தது. அலுமினியம். அதை வேம்புவின் காலடியில், தரையில் வைத்தாள்.

நாகம்மாளின் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோலம் போடுவது போல, விளக்கேற்றுவது போல, அவள் பாட்டுக்கு அதைச் செய்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். வஹாப் ஒன்றை எடுத்தார். மூன்றாவது, தியாகராசனுக்கு. அவர் கை நீட்டும் முன் வேம்பு அதை எடுத்தாள். அண்ணாந்து அல்ல, உதட்டில் நன்றாக வைத்து, நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.

“சர்பத் பிரமாதங்க.”

அவள் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். அன்னாசித் தினுசு. அடியில் ஆனைத்திடல் பண்ணை.

“சார், ஸ்டேஷன்ல இருக்கற டம்ளரோட கூடப் பிறந்தது. இங்கயும் ஆனைக்குத் தும்பிக்கை இல்ல.”

வஹாப் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். தேய்ந்த அச்சு, கூரான எழுத்து, போன வருஷத்து உத்தரவு. இன்ஸ்பெக்டர் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தியாகராசன் மட்டும் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா பாய்? இப்ப நான் சொல்றேன். இந்த எழுத்தைப் போன வருஷம்தான் அரசாங்கம் கண்டுபிடிச்சுச்சா? முப்பத்தஞ்சுலேர்ந்து பெரியார் எழுத்துன்னு பேரு. அவரு பத்திரிகையில இப்படித்தான் அடிச்சாங்க. எங்கப்பா கறுப்புச் சட்டைக்காரரு. கல்யாணத்துக்கு ஐயர் வரல, எழுத்துக்குத் தும்பிக்கை வரல. முனை தேஞ்சுதுன்னா நாப்பது வருஷமாக் கழுவுறோம், தேயாதா? அடியில எவன் கழுவினான், அதனால கூரா இருக்கு. வேற ஏதாவது இருக்கா?”

இன்ஸ்பெக்டர் மறுபடி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நிம்மதி தெரிந்தது.

வேம்பு மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. எழுத்து அப்போதே உண்டு. வாசலில் கண்ணாத்தாள் நிற்கிறாள். பொழுது தென்னை மட்டத்துக்கு இறங்கிவிட்டது. வஹாப் வெற்றிலை மெல்லாமல் வெறும் வாயை மென்றார்.

“எங்கப்பா சாதி பாக்காத மனுஷன்மா,” என்றார் தியாகராசன் அவளிடம். “அதனாலதான் பண்ணையாளுக்கெல்லாம் கண்ணாடி டம்ளர் குடுத்தாரு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு எங்க தெரியப் போவுது.”

அப்போதுதான் நாகம்மாள் வந்தாள். வேம்பு குடித்து வைத்த டம்ளரைப் பழைய பேப்பரால் சுற்றிப் பிடித்து, கை படாமல் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். குப்பைக்குழியில் ‘தொப்’ என்று சத்தம் கேட்டது.

வேம்பு கும்பிட்டாள். “சாதி பாக்காதவரு வீட்டு டம்ளரு எங்கங்க போவுது? ஊர்வலமா?”

தியாகராசன் வாயைத் திறக்கும் முன் வஹாப் எழுந்தார். திரும்பி வந்த நாகம்மாளிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “ஏம்மா, பெல்ஜியம் டம்ளர்ங்கிறாங்க. கழுவி எடுத்து வச்சுக்கக் கூடாதா? வீணாப் போகுதே?”

“கழுவினாப் போயிடுமா பாய்?” நாகம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். “பித்தளைன்னா புளி போட்டுத் தேச்சு நெருப்புல காட்டிப் புழங்கலாம். கண்ணாடியை என்ன பண்றது, நெருப்புல காட்டினா வெடிக்குமே! ஒருதரம் அவங்க வாய் வச்சா அவ்வளவுதான். போன தையில எங்க நெல்லு மில்லுத் திறப்புக்குன்னு ஆசை ஆசையா ஆறு செய்யச் சொன்னது. அன்னிக்கு மோட்டார் கொட்டகைக்கு இவங்க சர்பத் எடுத்துட்டுப் போனாங்கள்ல, அதோட ஒண்ணு போச்சு. இன்னிக்கு ஒண்ணு. நாலுதான்...”

“நாகம்மா!”

“...நாலுதான் மிச்சம். ஏங்க கத்துறீங்க? நீங்கதானே சொன்னீங்க, அவன் வாய் வச்சதை எப்படி எடுத்துட்டு வர்றது, அங்கயே விட்டுட்டேன்னு?”

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த டம்ளர் தட்டில் வந்து உட்கார்ந்தது. வாயில் இருந்த சர்பத்தை விழுங்குவதா துப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. வாசல் நிலையில் சாய்ந்திருந்த ரைட்டர் கான்ஸ்டபிள் நிமிர்ந்தான். டிரைவரும் எட்டிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

“போன தை!” என்றாள் வேம்பு. “முப்பத்தெட்டு இல்ல, போன தை. இப்பப் புரியுது பாய். அலுமினிய டம்ளர்ல நீட்டினா மருதையண்ணன் கீழ கொட்டிடும். அதனால வீட்டுக் கண்ணாடி டம்ளரையே எடுத்துட்டுப் போயிருக்காரு. சமாதானம் பேசலாம் வா, சமமாக் குடிக்கலாம் வான்னு. அந்த மனுஷன் நம்பிக் குடிச்சிருக்கு!”

“கொலை பண்ண எவனும் டம்ளரை அங்க விட்டுட்டுப் போகமாட்டான்,” என்றார் வஹாப். “வாய்க்கால்ல வீசியிருப்பான், மடியில கட்டிக்கிட்டு வந்திருப்பான். நாலு நாளா எனக்கு அதுதான் குழப்பம், இவ்வளவு யோசிச்சவரு இதை ஏன் விட்டாருன்னு. இவரால எடுக்க முடியல இன்ஸ்பெக்டர். விஷத்தைக் கலக்குறதுக்கு அந்தக் கை கூசல. அவன் உதடு பட்ட டம்ளரைத் தூக்கக் கூசிடுச்சு. அடியில பண்ணைப் பேரு இருக்குன்னு அப்புறம்தான் உறைச்சிருக்கும். அதுக்குத்தான் முப்பத்தெட்டு, பெல்ஜியம், கறுப்புச் சட்டை எல்லாம்.”

தியாகராசன் மனைவியைப் பார்த்தார். நாகம்மாள் இன்னும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியது.

“தம்பி...” என்று இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார் தியாகராசன். “மேலிடத்துல பேசிக்கலாம் தம்பி.”

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டினார். “ஸ்டேஷன்ல வந்து பேசுங்க. கிளம்புங்க.” தியாகராசனை மட்டும் பார்க்கவில்லை.

வேம்பு கொல்லைக்குப் போய்க் குப்பைக்குழியில் இறங்கி அந்த டம்ளரை எடுத்து வந்தாள். உடையவில்லை. சுற்றின பேப்பரோடு முழுசாக இருந்தது.

வாசலில் கண்ணாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வேம்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். தற்கொலை என்று இனி எழுத முடியாது என்றாள். திருடன் என்றும் எழுத முடியாது என்றாள். கண்ணாத்தாள் அழவில்லை.

“டம்ளரை ஏன் விட்டுட்டு வந்தானாம்?”

வேம்பு டம்ளரை முன்னால் நீட்டினாள். கண்ணாத்தாள் அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், பேப்பர் சுற்றியிருந்ததைப் பார்த்தாள், சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

“ஓஹோ,” என்றாள். “கொன்ன கை தீட்டாகல. டம்ளருதான் தீட்டாச்சு.”

தியாகராசனைக் கூட்டி வந்து ஜீப்பின் பின் சீட்டில் ஏற்றினார்கள். நீட்டுச் சீட்டு. அவர் ஓரமாக உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

“நீ பாயோட பஸ்ல வாம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணாத்தாளிடம். “அவரு இருக்காரு, வண்டியில இடம் இல்ல.”

“இடம் இருக்கு சார்.”

கம்பியைப் பிடித்து ஏறினாள். அத்தனை பெரிய சீட்டில், நேரே போய்த் தியாகராசனை ஒட்டி உட்கார்ந்தாள். தோளோடு தோள். அவர் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். அவர் இன்னும் நகர்ந்தார். முதுகில் கம்பி இடித்தது. அதற்குமேல் நகர இடம் இல்லை.

“வண்டியை எடுங்க,” என்றாள் கண்ணாத்தாள் டிரைவரிடம். “மெதுவாப் போங்க. தெருவுல எல்லாரும் பாக்கட்டும்.”